முதியோர் இல்லங்களில் தொற்றுக் காப்பும் தனிமையும்

(கோலார் தங்கவயல், ஆண்டர்சன்பேட்டையில் முதியோர் நலன் குறித்து நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதியோர் இல்லங்களைப் பற்றிப் பேசுவதற்கு ஆண்டர்சன்பேட்டை ஏற்ற இடந்தானா என்று என்னை அழைத்த நண்பரிடம் கேட்டேன். "காலை ரயில் போன பிறகு வந்து பாருங்கள், பகலில் இந்த ஊரே ஒரு முதியோர் இல்லந்தான்" என்றார். இன்று காலை வந்து பார்த்தேன். அவர் மிகைப்படுத்தவில்லை. 2001 ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்ட பின்னர் இளைஞர்கள் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்துவிட்டு இரவில் திரும்புகின்றனர். திண்ணையில் அமர்ந்திருப்போர் ஒரு காலத்தில் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி ஏறியவர்கள்.

சொல்லைப் பற்றி ஒரு விளக்கம். மேலை நாடுகளில் 'நர்சிங் ஹோம்' என்பது நடமாட்டம் குறைந்த முதியோர் நிரந்தரமாகத் தங்கிப் பராமரிப்புப் பெறும் இடம். நம் நாட்டில் அச்சொல் பத்துப் படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனையைக் குறிக்கும். ஆகவே நான் முதியோர் இல்லம் என்ற சொல்லையே கையாளுகிறேன். நம் நாட்டு முதியோரில் மிகச் சிறு பகுதியினரே இல்லங்களில் உள்ளனர். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 கோடி. இவர்களிற் பெரும்பாலோர் குடும்பத்தோடு வாழ்கின்றனர். எனினும் 2017-18 இல் நாடு தழுவி நடத்தப்பட்ட முதுமை பற்றிய ஆய்வில், முதியோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர் தன்னந்தனியே வாழ்வது தெரியவந்தது. 2007 ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது வேண்டும் என்றும், அதில் ஆதரவற்ற முதியோர் 150 பேருக்கேனும் இடம் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இல்லங்களின் எண்ணிக்கை பெருகத்தான் போகிறது. அவற்றுக்குரிய நெறிமுறைகளை அடுத்த கொள்ளைநோய் வருமுன் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் பேச வந்த பொருள்.

நோய் எவ்வழி நுழைந்தது?

கோவிட் பெருந்தொற்றின் முதற்பெரும் அடி முதியோர் இல்லங்களின்மீதே விழுந்தது. 2020 பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிர்க்லாந்து என்னும் ஊரின் இல்லமொன்றில் நோய் வெளிப்பட்டது. அந்த ஓர் இல்லத்தோடு தொடர்புடையவர்களில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மார்ச் மாதத்தில் ஸ்பெயின் நாட்டில் இல்லங்களைக் கிருமிநீக்கம் செய்யச் சென்ற படைவீரர்கள், கவனிப்பாரின்றி விடப்பட்ட முதியோரையும், சில இடங்களில் படுக்கையிலேயே இறந்து கிடந்தோரையும் கண்டனர். கனடாவில் முதல் அலையில் கோவிட் நோயால் இறந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் இத்தகைய இல்லங்களில் வாழ்ந்தவர்கள். செல்வ நாடுகளின் நிலை இது.

இந்நோய் அங்கெல்லாம் எவ்வழி நுழைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கிர்க்லாந்து வட்டாரத்தை ஆராய்ந்த மருத்துவ அதிகாரிகள் இரண்டு காரணங்களைச் சுட்டினர். உடல்நலமற்ற நிலையிலும் பணியாளர்கள் வேலைக்கு வந்தனர். ஒரே பணியாளர் இரண்டு, மூன்று இல்லங்களில் பணிபுரிந்தார். ஏன் வந்தார்? வராவிட்டால் ஊதியம் இல்லை. ஏன் மூன்று இல்லங்களுக்குச் சென்றார்? ஓரிடத்து ஊதியம் போதவில்லை. அதே மாநிலத்தின் மற்றோர் இல்லத்தில் அனைவரையும் பரிசோதித்தபோது, நோய் கண்ட முதியோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்நேரத்தில் எந்த அறிகுறியும் இல்லை. காய்ச்சல் பார்த்துப் பிரித்துவைக்கும் முறை இங்கே பயன்படாது என்பது அப்போதே தெளிவாயிற்று. இங்கிலாந்தில் மருத்துவமனைகளிலிருந்து முதியோரைப் பரிசோதிக்காமலும் தனித்து வைக்காமலும் இல்லங்களுக்கு அனுப்பினர். அக்கொள்கை சட்டத்துக்கு முரணானது என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

இவற்றுள் எதிலும் வாரத்துக்கொருமுறை தாயைப் பார்க்க வந்த மகள் முதற்காரணமாகக் குறிப்பிடப்படவில்லை. ஆயினும் எல்லா நாடுகளிலும் முதலில் அடைக்கப்பட்டது அவளுடைய வழிதான். அமெரிக்கா 2020 மார்ச் 13 அன்றும், நெதர்லாந்து மார்ச் 20 அன்றும் பார்வையாளரைத் தடைசெய்தன. நம் நாட்டிலும் மார்ச் 25 முதல் ஊரடங்கு. முதியோர் வீட்டிலேயே இருக்க வேண்டும், வருவோரைத் தவிர்க்க வேண்டும், உறவினரோடு தொலைபேசியில் பேச வேண்டும் என்ற அறிவுரை ஏப்ரலில் வெளியிடப்பட்டது. நான் பணிபுரிந்த அலுவலகத்தின் வழியாகவும் இத்தகைய சுற்றறிக்கையொன்று கீழ் அலுவலகங்களுக்குச் சென்றது. அதில் என் கையொப்பமும் உண்டு.

கணக்கில் வராத செலவு

பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் இதை நான் பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பணியாளருக்கு ஊதியத்துடன் நோய் விடுப்பு வழங்கினால் அது வரவு செலவுத் திட்டத்தில் ஓர் இனமாக ஏறும். ஒரே இல்லத்தில் பணிபுரிய ஈட்டுத்தொகை தந்தால் அதுவும் ஏறும். சன்னல் பெரிதாக்குவதற்கும், பரிசோதனைக்கும், முகக்கவசத்துக்கும் பணம் வேண்டும். வாயிற்கதவை மூடுவதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு தாளும் ஒரு கையொப்பமும் போதும். அந்த நடவடிக்கைக்குச் செலவே இல்லை என்பது இதன் பொருளன்று. செலவு முழுவதையும் உள்ளே இருக்கும் முதியவர் ஏற்கிறார். அவருடைய கணக்கை நாம் எழுதுவதில்லை.

அப்படி எழுதப்படாத கணக்கு ஒன்று எனக்குத் தெரியும். என் பெரியப்பா இங்கே சுரங்கத்தில் பணிபுரிந்தவர். கோடை விடுமுறைகளில் நான் இங்கு வந்து, சங்கு ஊதும் நேரத்தைக் கொண்டு மணி சொல்லக் கற்றுக்கொண்டேன். அவர் காலமான பின்னர், மக்கட்பேறு இல்லாத என் பெரியம்மா தமிழ்நாட்டின் ஒரு நகரத்தில் முதியோர் இல்லத்தில் சேர்ந்தார். நல்ல இல்லம், அதன் பெயரைக் கூற வேண்டியதில்லை. 2020 பிப்ரவரியில் அவரைப் பார்த்தேன். அடுத்து அவரைப் பார்த்தது டிசம்பரில். இடைப்பட்ட பத்து மாதங்களில் அந்த இல்லத்தில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. காப்பாளர் விதிகளை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். அவரை நான் குறை கூறவில்லை.

ஞாயிறுதோறும் காப்பாளரின் கைபேசியில் ஐந்து நிமிடம் காணொளியில் பேச ஏற்பாடு செய்திருந்தனர். பெரியம்மாவுக்குக் காது மந்தம், கண்ணிலும் புரை. நான் பேசும்போது அவர் கைபேசியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார். என்னை அங்கே தேடினார் என்று பின்னர்தான் எனக்கு விளங்கிற்று. பணிப்பெண்கள் முகத்தை மறைத்துக்கொண்டு பேசினார்கள். உதட்டசைவைக் கொண்டே பேச்சை அறிந்து பழகிய அவர், எல்லோரும் தம்மீது கோபமாக இருப்பதாக எண்ணினார். பொதுக்கூடத்தில் உண்பது நிறுத்தப்பட்டு, தட்டு கட்டிலுக்கு வந்தது. ஜூலையில் உணவு குறைந்தது. செப்டம்பரில் பேச்சு நின்றது. டிசம்பரில் நான் சென்றபோது என் பெயரைக் கேட்டார், சொன்னேன், மறுபடியும் கேட்டார். 2021 ஜனவரியில் காலமானார். சான்றிதழில் முதுமை என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஆண்டின் அறிக்கைகளில் அந்த இல்லம் வெற்றி பெற்ற இல்லங்களின் வரிசையில்தான் இருக்கும்.

கதவை மூடியதே தவறு என்று நான் கூற வரவில்லை. தடுப்பூசி இல்லாத நாட்கள் அவை. நோய் எப்படிப் பரவுகிறது என்பதே சரிவரத் தெரியாத முதல் வாரங்களில் மூடியது சரி. 2021 ஏப்ரல், மே மாதங்களில் மருத்துவமனைகளில் படுக்கையும் பிராணவாயுவும் கிடைக்காத நிலையில் மறுபடியும் மூடியிருந்தால் அதுவும் சரியே. எந்த நாளில், எந்நிலையில் திறப்பது என்று எழுதாமல் மூடியதுதான் தவறு. முடிவு நாள் இல்லாத ஆணையை நீக்கக் கீழுள்ள எந்த அலுவலரும் துணிய மாட்டார். இதை முப்பது ஆண்டு அரசுப் பணியின் அனுபவத்தில் சொல்கிறேன்.

சுரங்கம் அறிந்த முறை

இந்த ஊரார்க்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லாத செய்தி ஒன்று உண்டு. 1940க்கும் 1946க்கும் இடையே இத்தங்கச் சுரங்கங்களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்குக் கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நுரையீரல் நோய் இருந்தது கண்டறியப்பட்டது. தூசியை எதிர்த்துப் போராடிய அனுபவம் சுரங்கத் தொழிலுக்கு ஓர் ஒழுங்கைக் கற்பித்திருக்கிறது. முதலில் தூசி எழுமிடத்திலேயே நீர் பாய்ச்சித் துளையிட்டு அதனை அடக்க வேண்டும். பிறகு நல்ல காற்றைச் செலுத்திக் கெட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். இவ்விரண்டும் போதாதபோதுதான் மூக்கை மூடும் கவசம். ஆளைச் சுரங்கத்துக்குள் அடைத்துவிட்டு வாயை மூடுவது எந்தச் சுரங்க விதியிலும் பாதுகாப்பு ஆகாது.

தொற்று நோய்க்கும் இதே வரிசைதான் பொருந்தும். உடல்நலமற்ற பணியாளர் ஊதிய இழப்பின்றி வீட்டில் இருப்பது, எழுமிடத்திலேயே அடக்குவதற்கு ஒப்பாகும். அடுத்தது காற்று. இந்நோய் மூடிய அறையின் காற்றில் மிதந்து பரவும் என்பதை உலகம் ஏற்றுக்கொள்ளவே பல மாதங்கள் ஆயின. அதுவரை மேசைகளையும் கதவுப் பிடிகளையும் துடைத்துக்கொண்டிருந்தோம். பாதாளத்துக்குக் குளிரூட்டிய காற்றை அனுப்பும் இயந்திரங்கள் ஓடிய ஊர் இது. பத்துக் கட்டில் உள்ள கூடத்தில் எதிரெதிராக இரண்டு சன்னல்களைத் திறந்துவைப்பது இங்குள்ளோர்க்கு அரிய தொழில்நுட்பமாகத் தோன்றாது. ஆயினும் நான் பார்த்த இல்லங்கள் பலவற்றில், கொசுவுக்கும் களவுக்கும் அஞ்சி அச்சன்னல்கள் ஆணியடித்து மூடப்பட்டிருக்கின்றன. கம்பி வலை அடிக்கும் செலவைக் கணக்கிட்டால் அது மிகச் சிறிது.

நம் முன்னோர் பின்பற்றிய வழக்கமொன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவார்கள். அதைக் கண்டவர் உள்ளே வரமாட்டார். அதற்குக் கூறப்பட்ட காரணம் வேறாயினும், ஊருக்கு விடப்பட்ட எச்சரிக்கையாக அது பயன்பட்டது. ஆனால் நோயாளியைத் தனியே விடவில்லை. முன்பே அம்மை கண்டு தேறிய ஒருவர், பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண், உடனிருந்து பணிவிடை செய்தார். ஊரார் வரக்கூடாது, ஒருவர் மட்டும் இருந்தே ஆகவேண்டும். பெரியம்மை உலகினின்றே ஒழிந்ததாக 1980 இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. அதனோடு இந்த நுட்பத்தையும் மறந்துவிட்டோம். மாறாக, 1898 ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் பரவியபோதும் அதற்கு முன் பம்பாய், புனா பகுதிகளிலும், உறவினரிடமிருந்து பிரித்து முகாமுக்குக் கொண்டுபோவார்கள் என்ற அச்சத்தால் மக்கள் நோயாளிகளை மறைத்தனர். உறவை அறுக்கும் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்பின் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

ஒரு துணைவர்

அந்த 'ஒருவர் மட்டும்' என்ற முறையை மற்ற நாடுகள் பட்டறிந்து கண்டுகொண்டன. நெதர்லாந்தில் 2020 மே மாதம் 26 இல்லங்களில் மட்டும், கட்டுப்பாடுகளோடு உறவினரை உள்ளே விட்டுப் பார்த்தனர். ஆராய்ந்த அந்த வாரங்களில் அவ்வில்லங்களில் புதிய தொற்று எதுவும் ஏற்படவில்லை. முதியோரின் மனநிலையில் தெளிவு தென்பட்டதாகப் பணியாளர்கள் தெரிவித்தனர். அதன் பின்னரே ஏனைய இல்லங்களும் திறக்கப்பட்டன. கனடாவின் ஒண்டாரியோ மாநிலம் 2020 செப்டம்பரில், இல்லவாசி ஒவ்வொருவருக்கும் இன்றியமையாத பராமரிப்பாளர் என்று இருவர் வரை குறித்துக்கொள்ள வழிசெய்தது. அவர்கள் விருந்தினர் அல்லர். பணியாளருக்கு நிகரானவர்கள் என்பதே இதன் அடிப்படை.

நம் இல்லங்களுக்கும் இதனைப் பரிந்துரைக்கிறேன். முதியவர் சேரும் நாளிலேயே, அவர் தாமே தேர்ந்தெடுக்கும் ஒருவரைத் துணைவராகப் பதிவு செய்யலாம். மகனாகவோ மகளாகவோதான் இருக்க வேண்டுமென்பதில்லை. பழைய அண்டை வீட்டாராகவோ உடன் வேலை செய்தவராகவோ இருக்கலாம். கை கழுவவும் கவசம் அணியவும் அவருக்கு அரைமணி நேரம் கற்றுத்தர வேண்டும். பணியாளருக்குத் தடுப்பூசி போடும் நாளில் அவருக்கும் போட வேண்டும். பின்னர் கதவு மூடப்படும் நாள் வந்தாலும், அவர் நோயின்றி இருக்கும்வரை அவருக்கு மட்டும் அது மூடப்படக் கூடாது. இறுதி நாட்களில் உடனிருக்கும் உரிமையும் அவருக்கு வேண்டும்.

இதற்கு என்ன செலவாகும்? மத்திய அரசின் உதவித் திட்டத்தின்கீழ், 2021 முதல் அடல் வயோ அபியுதய யோஜனா என்ற பெயரால் அறியப்படும் ஏற்பாட்டில், 25 முதியோருக்கான இல்லங்களும் உதவி பெறுகின்றன. அத்தகைய இல்லத்தில் வாரத்துக்கு ஒருவருக்கு இருமுறை வருகை என்றால் 50 வருகைகள். நல்ல முகக்கவசம் ஒன்றின் விலை 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 1,500 ரூபாய். பரிசோதனையையும் சேர்த்தால் இது பெருகலாம். பெருந்தொற்று மூண்டிருக்கும் சில மாதங்களுக்கு மட்டும் ஏற்கவேண்டிய இத்தொகை தாங்க முடியாததென்று எந்த நிதி அலுவலரும் கூறமாட்டார். கூறினால் என்னிடம் அனுப்புங்கள்.

உண்பதிலும் உறங்குவதிலும் ஆளுக்கொரு மூலை என்பதைவிட, ஐந்தாறு பேர் ஒரு குழுவாக இருந்து, அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட பணியாளரைக் கொள்வது மேல். ஒரு குழுவில் நோய் புகுந்தாலும் மற்றக் குழுக்கள் காக்கப்படும். இதற்குப் பணியாளர் எண்ணிக்கை சற்று உயர வேண்டும் என்பதை மறைக்கவில்லை.

லைன் வீடுகளில்

இல்லத்தில் இல்லாத முதியோரைப் பற்றி இந்த ஊரில் பேசாமல் போக முடியாது. 2020 மார்ச்சில் ரயில்கள் நின்றபோது, தங்கவயலின் வருவாயே நின்றது. சிலருடைய பிள்ளைகள் வேலையிழந்து வீட்டுக்குத் திரும்பினர். சிலருடைய பிள்ளைகள் பெங்களூரிலேயே சிக்கிக்கொண்டனர். ஒற்றை அறை லைன் வீட்டில் திரும்பி வந்த மகனும், தூசி தின்ற நுரையீரலோடு தந்தையும் ஒரே கூரையின்கீழ் எப்படி ஆறடி விலகியிருப்பார்கள்? பொதுக் கழிப்பிடத்துக்குச் செல்லும் வரிசையில் எப்படி விலகி நிற்பார்கள்? நம் அறிவுரைகளை எழுதியவர்கள், என்னையும் சேர்த்து, தனியறையும் தனிக் குளியலறையும் உள்ள வீட்டை மனத்திற்கொண்டே எழுதினோம்.

2021 மே மாதத்தில் இங்கே நடந்ததை நீங்கள் என்னைவிட நன்கறிவீர்கள். சுரங்கத்தோடு மூடப்பட்டு இருபது ஆண்டுகளாகப் பாழடைந்து கிடந்த சுரங்க மருத்துவமனையைத் தொண்டர்கள் கூடித் துப்புரவு செய்து, ஒட்டடை நீக்கி, கோவிட் சிகிச்சைக்காகத் திறந்தனர். அதே கூடங்களில் ஒரு காலத்தில் கட்டுப்போட்டுக்கொண்ட தொழிலாளர் பலர் இன்னும் இங்கு வாழ்கின்றனர். வீட்டில் தனித்திருக்க இடமில்லாதவர்க்கு ஊர்ப் பொது இடமொன்று வேண்டும் என்பதை நோய் உச்சத்தை எட்டிய பின்னரே உணர்ந்தோம். நோயில்லாத நாட்களிலேயே மாவட்ட நிர்வாகம் அத்தகைய கட்டடங்களைப் பட்டியலிட்டுப் பழுதுபார்த்து வைக்குமானால், அடுத்த முறை இரண்டு வாரத் துப்புரவுப் பணி மிச்சமாகும். அங்கும் நோயாளியோடு ஒரு துணைவர் இருக்க இடம் விடவேண்டும். 2020 ஏப்ரலில் கேரளத்தில் 93 வயது முதியவரும் அவருடைய 88 வயது மனைவியும் கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை பெற்று நலமுடன் வீடு திரும்பினர். ஒருவரையொருவர் காணாமல் அவர்கள் கலங்கியதைக் கண்ட மருத்துவர்கள், இருவரையும் பார்த்துக்கொள்ளக்கூடிய வகையில் ஓரிடத்தில் வைத்தனர். மருந்துச் செலவு அதனால் ஒரு காசும் கூடவில்லை.

தனித்து வாழும் முதியோருக்கென 14567 என்ற உதவித் தொலைபேசி எண் 2021 அக்டோபர் முதல் நாடு முழுவதற்கும் ஏற்படுத்தப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் காது மந்தமானவருக்குத் தொலைபேசி எவ்வளவு உதவும் என்பதை என் பெரியம்மாவின் அனுபவத்தால் அறிவேன். தெருவுக்கு இரண்டு இளைஞர் நேரில் சென்று வாசலில் நின்று குரல் கொடுக்கும் முறையும் அதனோடு சேர வேண்டும். ரயில் நின்ற நாட்களில் உங்கள் தெருக்களில் இதை யாரும் சொல்லாமலே சிலர் செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுடைய பெயர்களை முன்கூட்டியே எழுதிவைப்பதே இதற்குத் தேவையான நிர்வாகம்.

துணைவர் பதிவுக்கான மாதிரிப் படிவமொன்றை எழுதிக் கொணர்ந்திருக்கிறேன். ஒரு பக்கமே உள்ளது. வாயிலருகே மேசையில் இருக்கிறது. முதியவரின் பெயருக்கு அடுத்து, காது கேட்குமா, கண் தெரியுமா, எம்மொழியில் பேசுவார் என்று கேட்டிருக்கிறேன். துணைவர் பெயருக்குக் கீழே இரண்டாவது பெயருக்கும் இடம் விட்டுள்ளேன். முதலாமவர் தாமே நோயுறக்கூடும். படித்துப் பார்த்துக் குறைகளை ஓரத்தில் எழுதித் தாருங்கள். மாலை ரயிலில் வருவோரிடமும் காட்டுங்கள். நாளை மதியம்வரை இவ்வூரில்தான் இருக்கிறேன்.